வலி தீர்ந்த பிறகுதான் வேலையா?

பழனிமலைத் தோட்டங்களில் இடுப்புப் பிடித்துக்கொண்டவருக்கும், மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தவருக்கும், மூட்டை தூக்கித் தோள்பட்டை பிசகியவருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: வலி முழுசாகப் போகும்வரை படுத்து ஓய்வெடுக்க வேண்டும், வேலையைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டார் இதைச் சொல்கிறார்கள். மேஸ்திரி சொல்கிறார். மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர்களிலும் பலர் சொல்கிறார்கள். அக்கறையோடு சொல்லப்படுவதாலேயே இந்தக் கருத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் தசை, முதுகு, மூட்டு சார்ந்த காயங்களில் பெரும்பாலானவற்றுக்கு இது தவறான அறிவுரை. நீண்ட ஓய்வு உடம்பைத் தேற்றுவதில்லை, பலவீனப்படுத்துகிறது. வேலைக்குத் திரும்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். அதைச் சிகிச்சை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளும் தனிக் காரியமாக ஒதுக்கி வைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

இந்த அறிவுரை நடைமுறையில் எப்படி முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவரால் மாதக்கணக்கில் படுத்திருக்க முடியாது. அவர் இரண்டு நாள் படுத்துவிட்டு, வலி ஊசி போட்டுக்கொண்டு, மூன்றாம் நாள் பழைய சுமையையே தூக்கப் போகிறார். சில வாரங்களில் வலி முற்றித் திரும்பவும் படுக்கிறார். இந்த முறை எழுந்திருக்க மாதங்கள் ஆகின்றன. முழு ஓய்வு, இல்லையேல் முழுச் சுமை என்ற இரண்டே நிலைகள்தான் மலையில் அவருக்கு வாய்க்கின்றன. நடுவில் இருக்க வேண்டிய படிகள் அங்கே இல்லை. அந்தப் படிகளை அமைத்துத் தருவதுதான் இயன்முறை மருத்துவம் என்கிற பிசியோதெரபியின் வேலை.

மலையின் உழைப்பு எத்தகையது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் குறையின் கனம் புரியும். கொடைக்கானலைச் சுற்றிய மேல்மலைக் கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஆகியவற்றில் படிப்படியாக வெட்டிய வயல்களில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டைப் பிடுங்குபவர் பகல் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் இருக்கிறார். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர் உள்ளிட்ட கீழ்மலைப் பகுதிகளில் காப்பி, மிளகு, ஏலம், மலைவாழை. அங்கே கொத்து, கவ்வாத்து, காப்பிப் பழம் பறிப்பு, நிழல் மரம் கழித்தல், ஏணி வைத்து மிளகு பறித்தல் என்று எல்லா வேலையும் சரிவில்தான். நகரத்தில் கட்டட வேலைக்காரர்கள் 50 கிலோ சிமெண்ட் மூட்டையைச் சுமந்து படியேறுகிறார்கள். விடுதிப் பணியாளர்கள் ஈரப் போர்வைகளையும் மெத்தைகளையும் நாள் முழுக்கப் புரட்டுகிறார்கள். வெள்ளகவி போன்று நெடுங்காலம் வண்டிப் பாதை இல்லாதிருந்த ஊர்களுக்குக் குதிரையும் தலைச்சுமையுமே போக்குவரத்தாக இருந்தன. முதுகு, முழங்கால், தோள், மணிக்கட்டு ஆகிய நான்கும் இந்த உழைப்பில் முதலில் அடிவாங்குகின்றன.

ஓய்வே மருந்து என்ற நம்பிக்கையை ஆய்வுகள் சோதித்துப் பார்த்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலி வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கை ஓய்வும் மற்றொரு பிரிவினருக்கு 7 நாள் ஓய்வும் பரிந்துரைக்கப்பட்டன. 2 நாள் பிரிவினர் வேலையை இழந்த நாட்கள் 45 சதவீதம் குறைவாக இருந்தன. குணமடைவதில் வேறு எந்த வகையிலும் 7 நாள் பிரிவினர் முந்தவில்லை. 1995-இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரு பிரிவினர் படுத்தனர், ஒரு பிரிவினர் முதுகை வளைக்கும் பயிற்சி செய்தனர், மூன்றாம் பிரிவினர் வலி தாங்கும் அளவுக்கு வழக்கம்போல் நடமாடினர். நடமாடியவர்களே விரைவில் தேறினர். படுத்தவர்கள் எல்லோருக்கும் பின்தங்கினர்.

இந்த ஆய்வு பிசியோதெரபிக்கும் ஒரு பாடம் சொல்கிறது. வலி கடுமையாக இருக்கும் முதல் நாட்களில் பயிற்சி என்ற பெயரில் முதுகை வருத்துவது பயன் தராது. அந்தக் கட்டத்தில் சிகிச்சையாளரின் வேலை நோயாளியின் அச்சத்தைப் போக்கி, அவரை நடமாட வைப்பது. பயிற்சி அதன் பிறகு, அளவோடு, படிப்படியாக வர வேண்டும். மின்னதிர்வு இயந்திரத்தின் கீழும் சூட்டு விளக்கின் கீழும் பத்து நாள் படுக்க வைத்து அனுப்புவதைப் பிசியோதெரபி என்று நினைப்பதும் ஓய்வு நம்பிக்கையின் இன்னொரு வடிவமே. இயந்திரம் வலியைச் சற்று நேரம் தணிக்கலாம். சுமை தூக்கும் வலுவை அதனால் கொடுக்க முடியாது.

ஓய்வு ஏன் கெடுக்கிறது என்பதற்கு உடம்பின் இயல்பே விடை. கிழிந்த தசைநாரில் முதல் சில நாட்கள் வீக்கம் இருக்கும், அடுத்த சில வாரங்களில் புது நார் உருவாகும், பிறகு மாதக்கணக்கில் அந்த நார் முறுக்கேறும். புதிதாக உருவாகும் நார் எந்தத் திசையில் இழுபடுகிறதோ அந்தத் திசையில்தான் வரிசையாக அமைந்து வலுப்பெறும். இழுவையே இல்லாவிட்டால் அது தாறுமாறாகப் படிந்து, விறைத்த தழும்பாக நின்றுவிடும். படுக்கையில் கிடக்கும் உடம்பில் தொடைத் தசையும் முதுகுத் தசையும் நாளுக்கு நாள் மெலிகின்றன, மூச்சு வாங்குகிறது, எலும்பின் சத்தும் குறைகிறது. இரண்டு மாதம் படுத்துவிட்டு எழுபவரின் முதுகுக் காயம் ஆறியிருக்கலாம். சரிவில் நிற்கும் வலுவை அவர் இழந்திருப்பார். முதல் நாள் மண்வெட்டி பிடித்ததும் வருகிற வலி, பெரும்பாலும் பழைய காயத்தின் வலி அல்ல. தளர்ந்துபோன உடம்பின் வலி அது. ஆனால் காயம் ஆறவில்லை என்று கருதி அவரை மீண்டும் படுக்க வைக்கிறார்கள்.

ஓய்வு நம்பிக்கைக்கு இன்று பெரிய துணையாக நிற்பது ஸ்கேன் படம். ‘ஜவ்வு விலகிடுச்சு, இனிமே கனம் தூக்கக் கூடாது’ என்ற ஒரு வாக்கியம் பல தொழிலாளர்களின் பிழைப்பையே முடித்திருக்கிறது. 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓர் இடத்திலாவது ஜவ்வு பிதுங்கியிருந்தது. எல்லா ஜவ்வுகளும் குறையின்றி இருந்தது 36 சதவீதம் பேருக்கு மட்டுமே. ஆகவே படத்தில் தெரிகிற பிதுக்கம் ஆயுள் தண்டனை ஆகாது. ஜவ்வு நரம்பை அழுத்திக் காலில் வலி இறங்கியவர்களிலும் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலேயே சில வாரங்களில், சில மாதங்களில் தேறுகிறார்கள். படத்தைக் காட்டி அச்சுறுத்தும்போது காயத்தோடு பயமும் சேர்கிறது. பயந்தவர் குனிவதையே விட்டுவிடுகிறார். குனியாத முதுகு மேலும் விறைக்கிறது.

ஓய்வு அறவே கூடாது என்பதல்ல வாதம். விழுந்து முதுகெலும்பு முறிந்திருந்தால் அசையாமல் வைத்திருப்பதே உயிர் காக்கும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது, தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். மாலைக் காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்த முதுகுவலி என்றால் முதுகெலும்புக் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றை முதலிலேயே பிரித்தறிவது பிசியோதெரபிஸ்டின் கடமை. அப்படிப் பிரித்த பிறகு மிஞ்சும் பெருந்தொகையானவர்களைப் பற்றியதுதான் இந்த மறுப்பு.

பிசியோதெரபிக்கு எதிராக மலையில் அடிக்கடி கேட்கும் இன்னொரு பேச்சு, மலை ஏறி இறங்கி உழைப்பவருக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு, வேலையே பயிற்சிதானே என்பது. உழைப்பு உடம்பை உரமாக்குகிறது என்பது உண்மை. ஆனால் உழைப்பு ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்ய வைக்கிறது. காப்பி பறிப்பவரின் தோள் உயர்ந்தே நிற்கிறது. பூண்டு பிடுங்குபவரின் இடுப்பு வளைந்தே இருக்கிறது. ஒரு பகுதி ஓயாமல் தேய, எதிர்ப்புறத் தசைகள் வேலையின்றிக் கிடக்கின்றன. பயிற்சி என்பது அந்தச் சமமின்மையைச் சரிசெய்யத் தேர்ந்தெடுத்த அசைவு. அதன் அளவும் வேகமும் இடைவேளையும் காயம்பட்டவரின் கையில் இருக்கின்றன. வேலையில் அவை கூலிக் கணக்கின் கையில் இருக்கின்றன.

சரிவு தனிக் கவனம் கேட்கிறது. ஏறுவது மூச்சை வாங்கும், இறங்குவது முழங்காலை வாங்கும். இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. தலையில் சுமை இருந்தால் அந்த எடையும் சேர்கிறது. மழையில் நனைந்த செம்மண் வழுக்கும்போது இடுப்பு திடீரென்று திரும்புகிறது. மூட்டை தூக்கும்போது மட்டுமல்ல, மூட்டையோடு இறங்கும்போதும் பிடிப்பு ஏற்படுவதற்குக் காரணம் இதுதான். வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ சமதரையில் நடந்து காட்டியதும் ‘குணமாகிவிட்டது’ என்று அனுப்பப்படுபவர் பெரும்பாறைச் சரிவுக்குத் தயாராகிவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. படி இறங்கும் பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி, குந்தி எழும் பயிற்சி ஆகியவை மலைவாசிக்கு அடிப்படைத் தேவை.

கீழ்மலைக் காப்பித் தோட்டம் ஒன்றில் உர மூட்டையைத் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்ட ஒருவரின் மீட்சி எப்படி அமைய வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கலாம். முதல் சில நாட்கள் முழங்காலை மடக்கிப் படுத்து வலியைத் தணிப்பதும், மணிக்கு ஒரு முறை எழுந்து வீட்டைச் சுற்றி நடப்பதும் போதும். இரண்டாம் வாரம் நடை நீள்கிறது. வெறுங்கூடையை வைத்துக்கொண்டு முதுகை வளைக்காமல் இடுப்பிலும் முழங்காலிலும் மடங்கி எடுக்கும் முறையைப் பழகுகிறார். மூன்றாம் வாரம் அரை நாள் வேலைக்குப் போகிறார். நாற்றுப் பைகளில் மண் நிரப்புவது, காயக்களத்தில் காப்பிக்கொட்டை கிளறுவது, தரம் பிரிப்பது போன்ற வேலைகள், அவையும் அரை மணிக்கொரு முறை எழுந்து நிமிர்ந்துகொள்ளும் வசதியோடு. அடுத்த வாரங்களில் சரிவு குறைந்த இடத்தில் பழம் பறிப்பு, பிறகு கால் மணி நேரம் கொத்து, கால் மணி நேரம் வேறு வேலை. சுமை 5 கிலோவில் தொடங்கி, 10, 15, 20 என்று ஏறுகிறது. அளவுகோல் எளிமையானது: வேலைக்குப் பின் வலி சற்றுக் கூடி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்தப் படி சரி. மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் ஒரு படி இறங்க வேண்டும். வலியே இல்லாத நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காலமும் சுமையும் ஆளுக்கு ஆள் மாறும், வரிசை மாறாது.

பெண் தொழிலாளருக்கு இந்தத் திட்டத்தில் இன்னொரு பக்கம் உண்டு. தோட்டத்தில் இலேசான வேலை கொடுத்துவிட்டு, வீட்டில் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் அவருக்கே காத்திருந்தால் திட்டம் அன்றே தோற்றுவிடும். குடத்தைப் பாதி நிரப்புவதும், சுமையைப் பிள்ளைகளும் கணவரும் பங்கிட்டுக்கொள்வதும் சிகிச்சையாளர் வீட்டாரிடம் பேசித் தீர்க்க வேண்டிய காரியங்கள்.

எலும்பு முறிவிலும் ஓய்வு நம்பிக்கை தீங்கு செய்கிறது. மணிக்கட்டு ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டவர், கட்டுப் பிரிக்கும்வரை கையையே அசைக்கக் கூடாது என்று நினைத்துத் தூளியில் தொங்கவிட்டிருப்பார். கட்டுக்குள் இருப்பது மணிக்கட்டு மட்டுமே. விரல்களையும் முழங்கையையும் தோளையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் எலும்பு கூடிவிடும், ஆனால் விரல் மடங்காது, தோள் தூக்க வராது. அந்தக் கையால் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடியாது. நாட்டுக் கட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை அவசியம். கட்டு இறுகி, விரல்கள் வீங்கி, நிறம் மாறி, மரத்துப்போனால் அதை உடனே தளர்த்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டுச் செத்த தசை சுருங்கி, கை நிரந்தரமாக மடங்கிப்போகும்.

அடுத்த வாதம் முதலாளிகள் தரப்பிலிருந்து வருவது. பாதி உடம்போடு வருபவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, முழுசாகக் குணமாகி வரட்டும் என்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஷெர்புரூக் நகரைச் சுற்றிய 31 பணியிடங்களில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வு இதற்கு நேரடியான பதில். முதுகுவலியால் 4 வாரங்களுக்கு மேல் வேலைக்கு வராத 130 பேர் அதில் இடம்பெற்றனர். மருத்துவச் சிகிச்சையோடு, தொழிலாளரும் மேற்பார்வையாளரும் நிபுணரும் பணியிடத்திலேயே உட்கார்ந்து வேலையை மாற்றியமைத்த பிரிவினர், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 2.4 மடங்கு வேகத்தில் பழைய வேலைக்குத் திரும்பினர். பணியிடத்தில் செய்த மாற்றமே அந்த வேகத்தின் முக்கியக் காரணம். ஜெர்மனியில் நோயுற்ற ஊழியர் நாளுக்குச் சில மணி நேரம் என்று தொடங்கிப் படிப்படியாக வேலைக்குத் திரும்பும் முறை சட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் காலம் முழுக்க அவருக்கு நோய்க்கால உதவித்தொகை தொடர்கிறது. இந்தியாவிலும் இந்தக் கொள்கை புதிதல்ல. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பொருத்தமான பணிக்கு மாற்ற வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அரசு ஊழியருக்கு நியாயம் என்று ஒப்புக்கொண்டதைக் காப்பித் தோட்டத் தொழிலாளருக்கு மறுக்கக் காரணமே இல்லை.

நஷ்டஈடு கொடுத்தால் கடமை தீர்ந்தது என்பது இவை எல்லாவற்றையும்விட ஆழமாக வேரோடிய கருத்து. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், காயத்தை இழந்த உறுப்பின் விகிதத்தால் அளந்தது. அதன் அட்டவணைப்படி கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை மாதக் கூலியில் 25 சதவீதம், அதாவது கூலியில் பாதிதான் உதவித்தொகை. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கோ அது 90 சதவீதம். ஆனால் காய்கறி வயல்களிலும் தோட்டங்களிலும் உழைப்பவர்கள் பெரும்பாலும் இ.எஸ்.ஐ.க்கு வெளியேதான் இருந்து வந்திருக்கிறார்கள். பாதிக் கூலியில் குடும்பம் நடத்த முடியாததால்தான் ஊசி போட்டுக்கொண்டு முழுச் சுமைக்குப் போகிறார்கள். 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவை முதலாளி தர வேண்டும் என்று சேர்த்தது. அந்தச் செலவில் பிசியோதெரபியும் அடங்கும் என்று கோருவது முழு நியாயம். பழைய சட்டங்களை உள்வாங்கிய 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் பணத்தைத்தான் மையமாக வைத்திருக்கிறது. காயம்பட்டவரைத் திரும்பவும் வேலையில் நிலைநிறுத்துவது அதன் மையத்தில் இல்லை.

பணம் மட்டும் போதாது என்பதற்குக் கொடைக்கானலிலேயே சான்று உண்டு. அங்கே இயங்கிய இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியே விற்கப்பட்டது தெரியவந்த பின் 2001-இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டதாக முன்னாள் தொழிலாளர்கள் வழக்காடினர், நிறுவனம் அதை மறுத்தது. 2016-இல்தான் 591 பேருக்குக் கருணைத் தொகை வழங்கும் உடன்பாடு ஏற்பட்டது. வாழ்வாதாரத்துக்கும் திறன் வளர்ப்புக்கும் என்று அந்தத் தொகைக்குப் பெயரிடப்பட்டது. ஆலை மூடி 15 ஆண்டுகள் கழித்து வந்த அந்தத் திறன் வளர்ப்பு, உண்மையில் முதல் மாதத்தில் வந்திருக்க வேண்டியது. பாதரச நோய் வேறு, முதுகுக் காயம் வேறு. ஆனால் மறுவாழ்வுக்கு வழக்கின் முடிவுவரை காத்திருந்தால் உழைக்கும் வயது கடந்துவிடும் என்பது இரண்டுக்கும் பொது.

இந்த உண்மையைத் தமிழ்நாடு வேலூரில் முன்பே கண்டிருக்கிறது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். கை சரியான பிறகும் அந்த மனிதர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கை நேரானதால் பிச்சைகூடக் குறைந்தது என்று சிலர் அவரிடமே முறையிட்டார்கள். அதனால் 1950களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் எழுந்தது. தச்சு வேலை உள்ளிட்ட கைத்தொழில்கள் சிகிச்சையோடு சேர்த்தே கற்றுத்தரப்பட்டன. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் திறக்கப்பட்ட வேலூர் மறுவாழ்வு நிலையத்தின் பின்னால் இருந்தது அவரது உழைப்பு. தன் வேலைக்குத் திரும்பியதே அவரை மீட்டது. உறுப்பைச் சரிசெய்வதோடு சிகிச்சை முடிவதில்லை என்பதை அவர்கள் இருவரும் நிறுவனங்களாகவே கட்டி நிறுத்தினார்கள்.

எஞ்சியிருப்பது மலையில் பிசியோதெரபிக்கு எங்கே போவது என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். பேருந்து ஏறி இறங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும், மலைப் பாதையின் வளைவுகள் வலிக்கும் முதுகை மேலும் வாட்டும். ஆனால் இதற்கான கருவி அரசின் கையிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவம் அளிப்பதும் ஓர் அங்கம். பக்கவாதம் வந்தவர்களும் முதியோரும் படுக்கையில் இருப்பவர்களுமே அதன் பயனாளிகளாகப் பெரிதும் எண்ணப்படுகிறார்கள். வேலையில் காயம்பட்டவரையும் முதல் வாரத்திலேயே அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முதுகு, முழங்கால் காயங்களுக்குத் தினமும் இயந்திரம் தேவையில்லை. சில சந்திப்புகள், எழுதித் தந்த படிவரிசை, வாரம் ஒரு தொலைபேசி விசாரிப்பு ஆகியவையே பெரும்பாலோருக்குப் போதும். சிகிச்சையாளர் தோட்டத்துக்கு நேரில் போய்ச் சரிவையும் சுமையையும் கருவியையும் பார்த்தால், மருத்துவமனையில் பத்து முறை சந்திப்பதைவிட அது மேலானது.

சீக்கிரம் வேலைக்குத் திரும்புவது நல்லது என்ற கருத்து, காயம்பட்டவரை விரட்டி வேலை வாங்கும் சாக்காக மாறிவிடக் கூடாது. ஆகவே நான்கு நிபந்தனைகள் கட்டாயம். எந்தப் படியில் எந்த வேலை என்பதைச் சிகிச்சையாளரும் தொழிலாளரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும், மேஸ்திரி தனியாகத் தீர்மானிக்கக் கூடாது. அரை நாள் வேலைக் காலத்தில் கூலியின் எஞ்சிய பகுதியை முதலாளியோ காப்பீடோ நல வாரியமோ ஈடுகட்ட வேண்டும். படிப்படியாக வேலைக்குத் திரும்பியதைக் காரணம் காட்டி இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது. காயத்துக்குக் காரணமான சுமையும் மாற வேண்டும். எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத் தக்க எடைக்கு 23 கிலோவையே மேல் எல்லையாக அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கீடு வைக்கிறது. 50 கிலோ மூட்டை அதைப் போல் இரு மடங்குக்கும் மேல், அதுவும் சரிவில். மூட்டையின் அளவைக் குறைக்காமல் முதுகை மட்டும் சரிசெய்து அனுப்பினால் அந்த முதுகு மீண்டும் அதே மூட்டைக்குத்தான் போகும்.

இந்த நான்கும் இருக்குமானால், வலி தீர்ந்த பிறகே வேலை என்ற பழைய அறிவுரைக்குப் பழனிமலையில் வேலையில்லை. காயம்பட்ட முதல் வாரத்தில் பரிசோதனை, இரண்டாம் வாரத்தில் பயிற்சி, முடிந்தவுடன் இலேசான வேலை, பிறகு படிப்படியாகப் பழைய வேலை என்ற ஒழுங்கே அங்கே நடைமுறையாக வேண்டும். அதை நடத்திக் காட்டும் பொறுப்பு காயம்பட்டவர் தலையில் மட்டும் விழக் கூடாது. அது தோட்ட உரிமையாளருக்கும் சுகாதாரத் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் உரியது.